விலை குறைந்த பழைய காரை நம்பி ஓட்டலாமா? வாங்கும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

பழைய கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் பேச வருவார்கள். "அந்தக் காலத்து இரும்பு, அசையாது" என்பவர் ஒருவர். "கிட்டப் போகாதே, செலவு வைத்தே கொன்றுவிடும்" என்பவர் இன்னொருவர். இருவர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்குப் பொருந்தத்தான் செய்யும். உங்கள் முன்னால் நிற்கிற காருக்கு எது பொருந்தும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, பழைய கார் சந்தையில் நல்ல காருக்கும் ஏன் மோசமான காரின் விலையே கிடைக்கிறது என்று விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதில் நமக்குச் சாதகமான சங்கதி ஒன்று உண்டு. விலை குறைவாக நிற்பதெல்லாம் ஓட்டை வண்டி கிடையாது. நல்ல வண்டியும் அதே விலையில் பக்கத்திலேயே நிற்கிறது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

பார்க்கும்போது கோளாறுகளை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நிறுத்துபவை: பேட்டரி, ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது), பெட்ரோல் பம்ப், ஹோஸ் போன்றவை. எரிச்சலாக இருக்கும், ஆனால் சரிசெய்துவிடலாம். காரையே முடித்துவிடுபவை: ஹீட் ஆகி வளைந்த ஹெட் (என்ஜினின் மேல்பகுதி), அறுந்த டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பட்டை), தேய்ந்த கியர்பாக்ஸ், அடிப்பாகத் துரு. ஆளை முடித்துவிடுபவை: பிரேக், டயர், ஸ்டியரிங். மலிவான காரில் இரண்டாவது வகையில் ஒன்று வந்தாலே, ரிப்பேர் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். எனவே உங்கள் நேரத்தில் பெரும்பங்கு அதற்குப் போகட்டும். பவர் விண்டோ ஏறவில்லை, சீட் கிழிந்திருக்கிறது என்பதற்கெல்லாம் பேரம் பேசலாம், அவ்வளவுதான்.

படி 1: மாடலைத் தேர்வு செய்தல்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் நிறைய விற்ற மாடல், எளிமையான என்ஜின், எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்காத வண்டி. விலை குறைந்த பழைய சொகுசு காரைக் கண்டு மயங்க வேண்டாம். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கும், உதிரி பாகங்களின் விலை புதிதில் இருந்த உயரத்திலேயே நிற்கும். ஏர் சஸ்பென்ஷனும் டர்போவும் நவீன ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேர்ந்து இருந்தால், நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

படி 2: காகிதமும் கிலோமீட்டரும்

சேஸிஸ் நம்பர் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 குறிகள் கொண்டது. அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, சுழியோடு குழம்பும் என்பதால். பதிவுச் சான்றில் உள்ளதும் வண்டியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். நாலைந்து ஆண்டுக்கான கசங்கிய பில்கள் ஒரு கவரில் வந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. அதில் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓடோமீட்டரைத் திருப்பியிருந்தால் எங்காவது ஓரிடத்தில் கணக்கு உதைக்கும். பில்லே இல்லை என்றால் வண்டியைக் கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிப்போன வண்டி 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் நம்பாதீர்கள்.

மறுபக்கம், பெரிய எண்ணைக் கண்டு மட்டும் பயந்துவிடவும் வேண்டாம். இர்வ் கோர்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-இல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார். கிலோமீட்டரில் ஏறத்தாழ 48 லட்சம். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 2 லட்சம் கிலோமீட்டர் வண்டியை, பத்து ஆண்டுகளாகத் திண்ணையோரம் நின்றே கழித்த 30,000 கிலோமீட்டர் வண்டியைவிட மேலாக நினைக்கிறேன். நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், பிரேக் காலிப்பர் (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இறுகும், டேங்கில் பெட்ரோல் பிசினாகும், வயரிங்கை எலி பார்த்துக்கொள்ளும்.

படி 3: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் நில்லுங்கள்

முழு ஆய்விலும் முக்கியமான பகுதி இதுதான். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்லிவிட்டு முதலில் பானெட்டில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உள்நோக்கமே இல்லாமல் வண்டியை நகர்த்தி வைத்திருக்கவும் கூடும்; அப்படியானால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்றால் மறுக்க மாட்டார்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்பு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடைவெளி ஏறக்குறைய 1 லிட்டர். கீழ்க்குறிக்கும் கீழே போன வண்டியின் ஓனர் மற்றவற்றை எப்படிக் கவனித்திருப்பார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறம் கறுப்பு என்பதற்காகக் குறை சொல்லாதீர்கள், அதுவும் டீசலில். ஆயில் மாற்றிய சில நாளிலேயே அது கறுத்துவிடும். விரலில் தொட்டுத் தேய்க்கும்போது மணல்போல நெருடினாலோ உலோகத் துகள் மின்னினாலோதான் கவலை.

அடுத்து ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் மூடியில் மட்டும் கொஞ்சம் இப்படி வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம், விட்டுவிடுங்கள்.

இப்போது ஓனரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். சாவியைத் திருப்பிய அந்த முதல் பத்து நொடி பல கதைகளைச் சொல்லும். நீலப் புகை ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் காய்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்கச் சொட்டிய எண்ணெய் எரிகிறது. அதோடு சில காலம் ஓட்டலாம். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, என்ஜின் வேலை நிச்சயம். வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வருவது வெறும் நீராவி. சூடேறிய பிறகும் அடர்த்தியாக, இனிப்பான ஒரு வாடையோடு வந்தால் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் என்று சின்னதிலிருந்து பெரியது வரை எதுவாகவும் இருக்கலாம்.

சத்தத்தையும் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் டக்கென்று ஒரு நொடி கேட்டு, ஆயில் ஏறியதும் அடங்கினால் பெரும்பாலும் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்). என்ஜினின் அடிவயிற்றிலிருந்து கனமாக, ரேஸ் கொடுக்கும்போது கூடவே ஏறும் தட்டல் பேரிங்கின் சத்தம். அதற்கு மலிவான மருந்து கிடையாது.

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் சேரும் அழுத்தத்தை அளப்பது) செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

படி 4: ஹீட் ஆன வரலாறு உண்டா?

பழைய கார்களைச் சாகடிப்பதில் முதலிடம் என் கணிப்பில் சூட்டுக்குத்தான். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு என்று இருக்கிற என்ஜினில் சூடு எல்லை மீறினால் இரண்டும் இரண்டு விதமாக விரிந்து, ஹெட் வளைந்து, கேஸ்கெட் விட்டுப்போகும். ஊசி சிவப்புக்கு ஏறிய பிறகும் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிய ஐந்து நிமிடம் போதும்.

என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தெளிவான நிறத்தோடு கூலண்ட் இருந்தால் நிம்மதி. துருப்பிடித்த செம்மண் தண்ணீர் என்றால் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்; உள்ளே உப்புப் படிந்து வழிகள் அடைபட்டிருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும்போது கொதிநிலை 120 டிகிரியை ஒட்டிப் போகிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்த 20 டிகிரி பாதுகாப்பும் போய்விட்டது. ஹீட் ஆகிறது என்று வருகிற சில வண்டிகளுக்கு இந்த மூடியை மாற்றுவதே முழு வைத்தியம்.

பிறகு ஏ.சி. போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓட விடுங்கள். ஊசி நடுவில் வந்து நிற்க வேண்டும், ஃபேன் ஓடி ஓடி நிற்க வேண்டும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம், இப்போது கூலாக ஓடுகிறது" என்று (ரேடியேட்டருக்குப் போகும் கூலண்டைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வ் அது) யாராவது பெருமையாகச் சொன்னால், ஹீட் பிரச்சினை ஒன்று இருந்தது, காரணம் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

படி 5: டைமிங் பெல்ட்

என்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் ரப்பர். மாடலைப் பொறுத்துப் பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளில், எது முந்தியோ அப்போது மாற்ற வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். குறைவாக ஓடிய வண்டி என்பதால் விட்டுவைக்க முடியாது, ரப்பருக்கு வயதும் உண்டு. பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வை மோதி வளைத்துவிடும். அறுவதற்கு முன் அது சத்தமோ விளக்கோ காட்டுவதில்லை. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். செயின் என்றால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் கலகலவென்று சங்கிலிச் சத்தம் வருகிறதா என்று கேட்டால் போதும்.

படி 6: துரு, விபத்து, வெள்ளம்

பெயிண்ட் மங்கியிருப்பது பெரிய விஷயமல்ல. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள், கதவுக்குக் கீழ் ஓடும் விளிம்பை விரலால் அழுத்துங்கள். மேலோட்டமான துருவைச் சுரண்டிச் சரிசெய்யலாம். சஸ்பென்ஷன் போல்ட் ஆகும் இடத்திலோ சேஸிஸ் சட்டத்திலோ தகடு பொரிந்து உதிர்ந்தால் வேண்டாம்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது (அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களிலும் ஒட்டாது, அதை நினைவில் வையுங்கள்). பானெட் கீல் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறி அச்சாகியிருக்கும். ஐந்து கண்ணாடியும் ஒரே ஆண்டு, ஒன்று மட்டும் வேறு என்றால் ஏன் என்று கேளுங்கள். முன்கண்ணாடிக்குக் கல்லடி ஒரு நல்ல பதில். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அவ்வளவு எளிதான பதில் கிடைக்காது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை, சேற்றுக்கோடு அங்கே நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, உள்ளே பூசணம் வாடை, அதை மறைக்க மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம். ஓடுகிறதே என்று வாங்கினால் வயரிங் கனெக்டர்கள் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்து, இன்று ஹெட்லைட், நாளை ஏர்பேக் விளக்கு என்று முடிவில்லாமல் வேலை வைக்கும்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

பாட்டை அணையுங்கள், ஜன்னலை இறக்குங்கள், விற்பவரிடம் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

- மேல் கியரில், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.
- காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். கட கடவென்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்.
- வேகத்தோடு ஏறும் ரீங்காரம் வளைவில் திரும்பும்போது மாறினால் வீல் பேரிங்.
- பின்னால் யாரும் வராதபோது அழுத்திப் பிரேக் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர், பெடல் அதிர்ந்தால் டிஸ்க். நின்ற பிறகு பெடலைச் சீராக மிதித்தபடி இருங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) போகிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது.

ஆட்டோமேட்டிக் என்றால் நின்றபடி பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவ், ரிவர்ஸ் மாற்றிப் பாருங்கள். கியர் விழ இரண்டு மூன்று நொடி யோசிக்கிற பெட்டியும், கருகிய வாடை அடிக்கும் ஆயிலும் காரை முடித்துவிடும் வகையைச் சேர்ந்தவை.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) நன்றாகத் தெரிந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் முடியும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு; 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் பத்து ஆண்டைத் தாண்டியதும் மாற்ற வேண்டியவை. ஓரம் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட், புஷ், அல்லது வளைந்த அடிப்பாகம்.

படி 8: ஸ்கேனரின் ஏமாற்று

1996 முதல் அமெரிக்காவிலும் 2001 முதல் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களிலும் ஓ.பி.டி. (கார் தன் கோளாறுகளைத் தானே கண்டு குறியீடாகப் பதிந்துவைக்கும் அமைப்பு) கட்டாயமானது, மற்ற நாடுகளிலும் பின்னர் வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சின்ன புளூடூத் கருவியைச் செருகினால் கோளாறுக் குறியீடுகளைப் போனிலேயே படிக்கலாம். ஆனால் விற்பதற்கு முன்தினம் குறியீடுகளை அழித்துவிடுவதும் அதே கருவியால்தான். அதனால் "ரெடினஸ்" என்ற பக்கத்தையும் பாருங்கள். கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். பாதிக்கு மேல் "முடியவில்லை" என்றிருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்து மனதுக்குப் பிடித்துவிட்டால், உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். கொண்டுபோக விடமாட்டேன் என்று சொன்னால் அதுவே ரிப்போர்ட்.

படி 9: வாங்கிய கையோடு

கையில் உள்ள பணம் முழுவதையும் காரிலேயே போட்டுவிடக் கூடாது. மலிவான வண்டிக்கு விலையில் நான்கில் ஒரு பங்காவது ஒதுக்கி வைக்கச் சொல்வேன். முன்பு என்ன நடந்தது என்று தெரியாத வண்டியில், எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இதை, பழைய கார் ஓனர்களில் பலர் ஒருமுறைகூட மாற்றியிருப்பதில்லை. பேட், லைனிங், ரப்பர் குழாய்கள் எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து டைமிங் பெல்ட்டும் அதோடு வாட்டர் பம்ப்பும். பல என்ஜின்களில் ஒரே பிரிப்பில் இரண்டும் முடிந்துவிடும். என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பிளக், கூலண்ட், உப்பிப்போன ஹோஸ்கள். பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

வீட்டிலேயே அடியில் புகுந்து பார்க்க ஆசைப்பட்டால், வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் போகாதீர்கள். சமதளம், ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை மூன்றும் வேண்டும்.

முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒருமுறை, குளிர்ந்த நிலையில் ஆயில் அளவு, கூலண்ட் அளவு, நிரப்பும்போதெல்லாம் மைலேஜ். கூலண்ட் வெளியே சொட்டாமலே குறைந்தால் உள்ளே போகிறது என்று பொருள், உடனே காட்ட வேண்டும். 1,000 கிலோமீட்டரில் 1 லிட்டர் ஆயில் குடித்தால் என்ஜின் வேலைக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். அதுவரை அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள். தேய்ந்த என்ஜின் ஆயில் இல்லாமல் ஓடினால்தான் சட்டென்று போகும்.

படி 10: எதுவரை செலவு செய்வது

ரிப்பேர் செலவு காரின் சந்தை விலையைத் தாண்டினால் விற்றுவிடு என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கில் முழு உடன்பாடு இல்லை. பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் அண்மையில் மாற்றிய வண்டிக்கு இன்னும் ஒரு ரேடியேட்டர் போடுவது, வரலாறு தெரியாத இன்னொரு பழைய வண்டியை வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. கடந்த 12 மாதச் செலவைக் கூட்டி, அதே காலத்தில் வேறொரு கார் வைத்திருந்தால் ஆகியிருக்கும் தவணை, மதிப்பிழப்போடு ஒப்பிடுங்கள். தேய்மான பாகங்களுக்குப் போன பணத்தையும் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து தின்ற பணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது தொகை பெரிதாகிக்கொண்டே போனால் வேறு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அப்படியும் அடங்காவிட்டால் விற்றுவிடலாம். அடிச்சட்டம் துருவில் விட்டுப்போனாலோ, ஹெட் ஒருமுறை வேலை செய்தும் மறுபடி ஹீட் ஆனாலோ இந்தக் கணக்குக்கும் அவசியமில்லை. வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி, உதிரி பாகங்களுக்கான விலைக்குத் தள்ளிவிடுங்கள்.